இருபத்தாறு ஏ இலக்க வீடு

நான் இப்போது குடியிருக்கும் வீட்டின் கதவு எண் நான்கு முறை மாறிவிட்டது. பழைய எண்ணை எழுதி வரும் தபால் மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் பதறுவதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். ஒரு காலத்தில் ஊரார் வீட்டுக் கதவுகளுக்கு இலக்கம் போட்டவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு கதவை விட்டுவிட்டேன் என்பது தெரியாது.

நாட்டின் முதல் பொதுத்தேர்தல் வருவதற்குச் சற்று முந்தைய காலம் அது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்திருந்தது. வீட்டிலும் தெருவிலும் தமிழ், ஆபீஸ் கடிதங்களில் மலையாளம். எனக்கு இருபத்திரண்டு வயது. இன்டர்மீடியட் முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு, எங்கள் ஊர் நகரசபையில் ஆறு மாதத்துக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. தெருத் தெருவாகப் போய் வீடுகளை எண்ணிப் பட்டியல் எழுத வேண்டும். பட்டியலை ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் மனுக் கொடுக்கலாம். அதன் பிறகுதான் தார்ச் சட்டியும் தூரிகையுமாகப் போய்க் கதவு நிலையில் இலக்கம் எழுதுவது. எனக்குப் பதினொரு தெருக்கள் வந்தன.

அந்தப் பதினொன்றையும் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். நெசவாளர் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டிவிடுவார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல்தான், நடுத்தெருவில் ஒரு நீளமான சாயங்காலம் படுத்திருப்பது போலச் சிவப்பும் மஞ்சளுமாக. சைக்கிளில் வருகிறவன் இறங்கி உருட்டிக்கொண்டு ஓரமாகப் போக வேண்டும். மணி அடித்தால் வசவு கிடைக்கும். உப்பு மண்டித் தெருவில் இரண்டு பக்கச் சுவர்களும் ஆள் தோள் உயரத்துக்கு வெளுத்திருந்தன. மூட்டை சுமந்தவர்கள் உரசி உரசி வந்த வெளுப்பு. தங்கவேலை செய்கிறவர்கள் தெருவில் சாக்கடை மண்ணைக்கூடச் சும்மா விட மாட்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவை அரிப்புக்காரர்கள் வந்து கூடையில் அள்ளிப்போய்த் தண்ணீரில் அரித்து, பொன்துகள் தேடுவார்கள். சாயபுமார் தெருவில் மத்தியானம் ஒரு சத்தம் இருக்காது.

பதினோராவது, சாமி எழுந்தருளும் தெரு. அகலமானது, சுத்தமானது. அதன் பின்பக்கமாக ஒரு சந்து ஓடியது. மூன்றரை அடி அகலம், ஒரு பக்கம் முழுவதும் சாக்கடை. அந்தச் சந்து ஏன் உண்டாயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முன்தெருவில் நடக்கக்கூடாதவர்கள் நடப்பதற்காக உண்டானது. என் அப்பா காலத்தில்தான் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. என் வீட்டார் முன்தெருவில் நடந்தவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

எண்ணுகிற வேலை சுலபமில்லை என்று முதல் வாரமே தெரிந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று வாசல் இருக்கும். ஒரே வாசலுக்குள் நான்கு குடும்பம் இருக்கும். மற்ற எழுத்தர்கள் வாசலை எண்ணி, மறுநாள் திரும்ப எண்ணினால் வேறு தொகை வந்தது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் ஐந்தரை மணிக்குப் போனால் தெரு முழுவதும் புதிய கோலங்கள் இருக்கும். வாசல் எத்தனையானாலும் ஒரு வீட்டுக்காரி போடுவது ஒரு கோலம்தான். தனிக் குடித்தனம் என்றால் தனிக் கோலம். ஆள் நடமாட்டம் வந்து மாவு கலைவதற்குள் தெருமுனையிலிருந்து நடந்தால் இருபது நிமிடத்தில் ஒரு தெரு முடிந்துவிடும். நாய் குரைக்காது, எவரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சாயபுமார் தெருவிலும், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்கள் சேர்ந்திருந்த தெருவிலும் கோலம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா. அங்கெல்லாம் கதவு கதவாகத் தட்டித்தான் எண்ணினேன். மற்ற தெருக்களில் மாவை எண்ணினேன்.

எங்களுக்கு மேலே இருந்த ஓவர்சியர் திருவனந்தபுரத்துக்காரர். பட்டியலை முதலில் முடித்தவன் நான் என்றதும் கூப்பிட்டுக் கேட்டார்.

"எடோ, இத்தன வேகம் எப்படி முடிச்சே?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கொள்ளாமே. வாசல எண்ணினா நுணை வரும், பொய்க்கணக்கு வரும், கோலத்த எண்ணினா வராது. நல்ல புத்தி."

இதை அவர் மேலதிகாரியிடமும் தன்னுடைய யோசனை மாதிரிச் சொல்லிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை. சாமி எழுந்தருளும் தெருவுக்கு நாற்பத்தாறு வீடு என்று எழுதியிருந்தேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாத பட்டியல்.

பட்டியல் ஒட்டிப் பதினெட்டாம் நாள், ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்றார்கள். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் பிரசவம் பார்த்துவிட்டு விலகி வந்தவர்கள், ஊரில் எல்லோரும் மருத்துவச்சியம்மா என்பார்கள். என் கையில் ஒரு தாளை நீட்டினார்கள்.

"தம்பி, இது என்னவாக்கும் எழுதியிருக்கு? மலையாளம் பேசினா மனசிலாவும், எழுத்து ஓடாது."

வாசித்துச் சொன்னேன். சாமி எழுந்தருளும் தெருவைச் சேர்ந்த ஒன்பது பேர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். சந்து முனையில் இருக்கும் இந்த அம்மாளின் வீடு சந்தைச் சேர்ந்தது. தெருப்பக்கம் இருப்பது புதிதாக உடைத்த வாசல். நகரசபையின் பட்டியலிலேயே தெருவில் அப்படி ஒரு வீடு கிடையாது. ஆகவே அந்த வாசலை அடைக்க வேண்டும். முப்பது நாளுக்குள் தகுந்த சமாதானம் சொல்லாவிட்டால் நகரசபையே அடைக்கும்.

"அப்பிடி ஒரு வாசலே இல்லியாமா?" என்றார்கள். "நேத்து ஒரு பிள்ள அந்த வாசல் வழியாத்தான வந்து பெத்தா. அவ என்ன ஓட்டப் பிரிச்சா எறங்கினா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார்.

அவர்கள் அந்த வீட்டை வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மதராசுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விற்றது, தெருவாசல் அப்போதே இருந்தது. அஞ்சுகிராமத்திலிருந்தும் சுசீந்திரத்துப் பக்கத்து வயல்கிராமங்களிலிருந்தும் பிரசவ வலியோடு வரும் பெண்களை மாட்டுவண்டியில் கொண்டுவந்து அந்தத் தெருவாசலில் இறக்குவார்கள். தெருக்காரர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சாமி வரும் தெருவில் பேற்றுத் தீட்டு என்று முணுமுணுத்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இல்லாததால் சும்மா இருந்தார்கள். என் பட்டியல்தான் அவர்களுக்குக் கையில் ஒன்றைக் கொடுத்தது. வாசல் அடைபட்டால் வண்டி சந்துக்குள் நுழையாது. வலியில் இருக்கிற பெண் சாக்கடை ஓரமாக நடந்துதான் போக வேண்டும்.

"இந்தத் தெருவ எண்ணினது யாரு?" என்று கேட்டார்கள்.

"நான்தாம்மா."

"நீ என் வாசலுக்கு வந்தியா?"

"வந்தேம்மா. வந்து... கோலத்த எண்ணிக்கிட்டுப் போனேன்."

அவர்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"மாவையா எண்ணினே?" முகத்தில் கோபம் இல்லை, ஏதோ நோயைக் கண்டுபிடித்த மாதிரிப் பார்த்தார்கள். "எங்க பாட்டா வேதத்துக்கு வந்த நாள்ல இருந்து எங்க முற்றத்துல மாவு விழுந்தது இல்ல மக்கா. சரி, வந்த தப்பு வந்தாச்சு. உள்ளதச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடு. அது போதும்."

எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுதவில்லை. ஒன்பது நாள் எழுதவில்லை. தினமும் காலையில் தாளை எடுத்து வைப்பேன். 'நான் வீடுகளை எண்ணவில்லை, கோலங்களை எண்ணினேன்' என்று ஒரு வரி எழுதினால், மற்றத் தெருக்களில் எத்தனை விட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். பதினொரு தெருவையும் திரும்ப எண்ணச் சொல்வார்கள். ஓவர்சியர் தன் மேலதிகாரி முன்னால் தலைகுனிய வேண்டும். அவர் என்னை விடுவாரா. ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு பேரை நிரந்தரமாக்குவார்கள் என்ற பேச்சு இருந்தது, அதில் ஒருவன் நான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளில் நான் செய்த ஒரே காரியம், மற்றத் தெருக்களுக்கு யாருக்கும் தெரியாமல் போய்க் கதவுகளைச் சரிபார்த்ததுதான். விட்டுப்போனது அந்த ஒன்று மட்டுமே. நானூற்றுப் பதினெட்டில் ஒன்று. இவ்வளவு சிறிய தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எனக்கு என் மேலேயே இரக்கம் வந்தது.

பத்தாம் நாள் ஓவர்சியர், வருகிற வியாழக்கிழமை காலையில் நேரில் பார்க்கப் போகிறேன், நீயும் வா என்றார். அன்று மாலை அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். தெருவழியாகப் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று சந்து வழியாகப் போனேன். அறுபத்து நான்கு எட்டு. இரண்டு இடத்தில் கால் சாக்கடையில் பட்டது.

அவர்கள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொண்டு வந்திருப்பேன் என்று நினைத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்கள். நான் வேறு யோசனை சொன்னேன். வியாழக்கிழமை காலையில் மட்டும் தெருவாசலில் ஒரு சின்னக் கோலம் இருந்தால் போதும். நான் எண்ணிய அன்றைக்கு மழையில் கலைந்திருந்தது, அதனால் விட்டுப்போயிற்று என்று நான் சொல்லிக்கொள்வேன். ஓவர்சியர் ஒப்புக்கொள்வார். ஒரே நாள்தான்.

கையை இழுத்துக்கொண்டார்கள்.

"நீ தப்பு செய்ததுக்கு நான் கோலம் போடணுமா?"

"உங்களுக்காகத்தாம்மா சொல்லுகேன்."

"எனக்காக இல்ல. எனக்காகன்னா அந்த ஒரு வரிய எழுதியிருப்பே." ஒரு துணியை எடுத்து உதறினார்கள். "நீ எழுதல்லண்ணா வாசல அடைப்பானுவளா?"

"அடைப்பாங்கம்மா."

"எனக்குக் கோலம் போட அறியாது" என்று மட்டும் சொன்னார்கள். உள்ளே போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை ஆறே காலுக்கு நானும் ஓவர்சியரும் தெருவுக்குள் நுழைந்தோம். மனுக் கொடுத்த ஒன்பது பேரில் ஏழு பேர் மேல்துண்டோடு காத்திருந்தார்கள். சந்து முனைக்கு வந்ததும் நான் பார்த்தேன். வாசலில் கோலம் இருந்தது. நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி போட நினைத்திருக்கிறார்கள். பதினைந்துதான் இருந்தது. கோடுகள் நடுங்கிப் போயிருந்தன. அரிசி மாவும் இல்லை. கிட்டே போனபோது ஆஸ்பத்திரி வாசம் மூக்கில் ஏறியது. பிரசவ அறையைக் கழுவுவதற்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடர். அவர்கள் கதவுக்குள் நின்றிருந்தார்கள், வெளியே வரவில்லை.

தெருக்காரர்களில் மூத்தவர் குனிந்து பார்த்தார்.

"ஓய், இது என்ன அதிசயமா இருக்கு. வேதக்காரி வீட்டுல கோலம்."

"கோலமாவே இது? கோழி கிண்டின மாதிரில்லா இருக்கு" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். நான் எண்ணிய அன்று சாரல் இருந்தது, இந்த ஒன்று கலைந்து போயிருக்கும். அவர் என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்புவது அவருக்கும் வசதியாக இருந்தது. கையைத் தட்டினார்.

"கோலம் உண்டு. அப்ப வீடும் உண்டு. எழுதிக்கோ, இருபத்தாறு ஏ."

இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் வந்ததால் ஏ. அன்று மத்தியானமே நான் தூரிகை எடுத்துக்கொண்டு போய் நிலையில் எழுதினேன். மனு தள்ளுபடியாயிற்று. மறுவாரம் வண்டிகள் எப்போதும்போல வந்து நின்றன. ஒரு தொல்லை விட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஆபீஸில் பியூனாக இருந்த, அந்த அம்மாளின் கிறிஸ்தவ சபைக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மருத்துவச்சியம்மாவைத் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாசலில் கோலம் போட்டதற்காக மூன்று மாதம். தெருக்காரர்கள் கேலியாகச் சொன்னது சபை வரை போயிருக்கிறது. கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். போட்டேன் என்று சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்கு, வாசலுக்காக என்றாராம். வேறு யாராவது சொல்லிப் போட்டீர்களா என்றதற்குப் பதில் சொல்லவில்லையாம்.

"திருவிருந்து இல்லண்ணா என்ன அண்ணாச்சி? வேதக்கோயிலுக்குப் போகக்கூடாதா?" என்று கேட்டேன்.

"போலாம். மாசத்து முதல் ஞாயித்துக்கெழம அப்பமும் திராட்சரசமும் குடுக்கதுக்கு முன்ன, சின்னப்பிள்ளைகளும் திருவிருந்து எடுக்க இன்னும் திடம்பெறாத வாலிபப் பிள்ளைகளும் எழும்பி வெளிய போவாங்கல்லா. அவங்ககூட எழும்பிப் போணும். எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க. அந்த அம்மா கையில பொறந்தவனுவளே பாதிப் பேரு இருப்பானுவ."

அன்று மாலை ஒரு கடிதம் எழுதினேன். சபைக் கமிட்டிக்கு. கோலம் போட்டது அந்த அம்மாளின் விருப்பமில்லை, எண்ணுவதில் தவறு செய்த நகரசபை ஊழியர் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்ன யோசனை அது. நான்கு வரி. உண்மைக்கு மாறாக ஒரு சொல் இல்லை. கீழே கையெழுத்துப் போடவில்லை.

பெயரில்லாத கடிதத்தைக் கமிட்டியார் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். தெருக்காரர்கள் யாரோ சபையைச் சீண்டிப் பார்க்க எழுதியது என்று முடிவு செய்தார்கள். புறமதத்தார் மத்தியில் சபையின் சாட்சி, நற்பெயர், இவ்வளவு கெட்டுப்போயிற்றே என்று மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் உப்பு மண்டித் தெருவில் அந்த அம்மாள் எதிரே வந்தார்கள். நான் சைக்கிளிலிருந்து இறங்கி, சுவர் ஓரமாக ஒதுங்கினேன். நின்றார்கள்.

"மக்கா, சபைக்கு ஒரு கடிதாசு வந்திருக்கு. எழுதினது நீயா?"

பின்னால் ஒரு பாரவண்டி வந்து வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நான் எழுதினேன் என்று சொல்ல எனக்கு அப்போது ஒரு நொடிக்கு மேல் தேவைப்பட்டிருக்காது. சொன்னால், அப்படியானால் வந்து கமிட்டியில் நேரில் சொல் என்பார்கள். கமிட்டியில் இருந்த இருவர் நகரசபையிலும் வேலை பார்த்தவர்கள்.

"இல்லம்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"அப்ப வேற யாரோ ஒரு நல்ல மனுசன் எழுதியிருக்கான். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார்கள். வண்டிக்கு வழிவிட்டு, வெளுத்த சுவரை ஒட்டியே நடந்து போனார்கள்.

அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று அறுபது வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன். தெரிந்திருந்தால் ஒரு விதம் வலிக்கிறது, தெரியாதிருந்தால் வேறு விதம்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது மலையாளப் பட்டியல்களைத் தமிழில் பெயர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன். இருபத்தாறு ஏ அப்படியே இருந்தது. அந்த வாசலில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்த ஆறு மாதத்தின் முதல் ஞாயிறுகளை எண்ணியிருக்கிறேன். முதல் இரண்டும் எனக்குத் தெரியாமலே கழிந்துவிட்டன. மிச்சம் நான்கு. நான்கு தடவையும் கோயிலுக்கு எதிர்ப்பக்கம், சைக்கிளில் காற்றுக் குறைந்துவிட்டது போல நின்றிருந்தேன். ஒன்பதரைக்குப் பக்கவாசல் திறக்கும். குழந்தைகள் துள்ளிக்கொண்டு வெளியே ஓடிவரும், பின்னால் நாலைந்து வாலிபர்கள், அவர்களுக்கும் பின்னால் அந்த அம்மாள், வேதப்புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. உள்ளே பாட்டு தொடங்கும். அவர்கள் படிகளில் இறங்கி, யாருக்கும் முகம் கொடுக்காமல், வண்டிகள் போகும் பெரிய தெரு வழியாகவே வீட்டுக்கு நடப்பார்கள். ஒரு தடவைகூட நான் சாலையைக் கடக்கவில்லை.